தானியம் இல்லாத வீட்டுச் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரிசியும் கோதுமையும் இல்லாமல் குடும்பத்தோடு சாப்பிட முயல்பவர்களுக்கு எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. முதல் நாள் கேள்வி, மூன்றாம் வாரக் கேள்வி, மாமியார் ஊரிலிருந்து வந்ததும் எழும் கேள்வி என்று அவை தாமே வரிசைகட்டி வரும். அந்த வரிசையிலேயே, கேட்பவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

தானியம்னா அரிசியும் கோதுமையும்தானே? கம்பு, ராகி, தினை எல்லாம் சாப்பிடலாம்ல?

சாப்பிட முடியாது. புல் குடும்பத்துச் செடிகளின் விதைகள் எல்லாமே தானியம்தான். அரிசி, கோதுமை, பார்லி, ஓட்ஸ், சோளம், மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு அனைத்தும் இதில் அடக்கம். அவற்றிலிருந்து வரும் அவல், பொரி, ரவை, மைதா, சேமியா, கார்ன்ஃப்ளேக்ஸ், பாப்கார்ன் ஆகியவையும் அப்படியே. மாப்பிள்ளைச் சம்பாவும் கைக்குத்தலரிசியும் நல்ல அரிசிதான், ஆனால் அரிசிதான். மூங்கிலும் புல் வகை என்பதால் மூங்கிலரிசியும் தானியம்தான்.

சோற்றை நிறுத்திவிட்டு வரகரிசிப் பொங்கல் சாப்பிடுவது சிறுதானிய உணவு. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதைத் தானியமில்லா உணவு என்று நினைத்துக்கொண்டு, சர்க்கரை அளவு ஏன் இறங்கவில்லை என்று குழம்புபவர்கள் நிறையப் பேர்.

ஜவ்வரிசி? அதுல பேரிலேயே அரிசி இருக்கே?

பேரில் மட்டும்தான் இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து செய்யப்படுவது அது. தானியம் இல்லை என்பதால் தாராளமாகச் சேரும். ஆனால் ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்துதான், புரதம் இல்லையென்றே சொல்லலாம். வேர்க்கடலைப் பொடி, பயத்தம்பருப்பு ஏதாவது கலக்காமல் ஜவ்வரிசி உப்புமா மட்டும் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் பசிக்கும்.

தண்டுக்கீரை இனத்து விதையான ராஜ்கீரா, குட்டு (பக்வீட்), கினோவா ஆகியவை தானியம்போலப் பயன்பட்டாலும் புல் குடும்பம் அல்ல. தாமரை விதையான மக்கானாவும் அப்படித்தான். ஒரு எச்சரிக்கை: வட இந்தியக் கடைகளில் விரதத்துக்கென்று விற்கும் 'சமா' அரிசி குதிரைவாலி இனம். விரத மரபு அதை அனுமதிக்கிறது. செடியின் குடும்பத்தைப் பார்த்தால் அது தானியம்.

இதுக்கும் பேலியோவுக்கும் என்ன வித்தியாசம்? கீட்டோ, குளூட்டன் ஃப்ரீன்னும் சொல்றாங்களே?

தானியமில்லா உணவில் விலக்கப்படுவது தானியம் மட்டும். பருப்பு, கிழங்கு, பழம், பால், வெல்லம் எல்லாம் உண்டு. பேலியோவில் பருப்பு வகைகளும் கிடையாது. கீட்டோவில் மாவுச்சத்தையே மிகவும் குறைப்பதால் கிழங்கும் வாழைப்பழமும்கூடப் போய்விடும். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள புரதம். குளூட்டன் இல்லா உணவில் அந்த மூன்றும்தான் விலக்கு. அரிசிச் சோறு சாப்பிடலாம்.

குழந்தைகளும் பெரியவர்களும் ஒரே அடுப்பில் சாப்பிடும் வீட்டுக்கு இந்த நான்கில் தானியமில்லா உணவே நடைமுறைக்கு ஒத்துவரும், பருப்பும் கிழங்கும் கையில் இருப்பதால். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதை வைத்தே.

எல்லாரும் கட்டாயம் தானியத்தை விட்டே ஆகணுமா?

இல்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில்கூட ஒரு நாளின் மொத்தக் கலோரியில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்றுதான் இருக்கிறது. அறவே விடச் சொல்லவில்லை. சர்க்கரை நோய், உடல் எடை, கோதுமை ஒவ்வாமை, மூன்று வேளையும் தட்டில் சோறே நிறைந்துவிடுவது என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். காரணம் என்ன என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எதில் கண்டிப்பு வேண்டும், எதில் தளர்வு இருக்கலாம் என்பது அதைப் பொறுத்தது.

சீலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் குடல் பாதிக்கப்படும் நோய்) என்ற சந்தேகத்தில் விடுவதாக இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் உணவு மாற்றம். கோதுமையை முன்பே நிறுத்திவிட்டால் ரத்தத்தில் அந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். ஏற்கெனவே நிறுத்தியவர்களைக் குறைந்தது 6 வாரமாவது தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டுப் பரிசோதிக்கச் சொல்வது மருத்துவ வழக்கம்.

சோறு இல்லாம வயிறு நிறையுமா? ரெண்டே நாள்ல விட்டுட்டோம்.

விட்டுவிடக் காரணம் மன உறுதிக் குறைவு இல்லை, கணக்கு. ஒருவர் மதியம் 300 கிராம் சோறு சாப்பிடுகிறார் என்றால் அதில் சுமார் 390 கலோரி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அதே எடைக்குக் காலிஃப்ளவர் வைத்தால் கிடைப்பது சுமார் 75. மீதி 300 கலோரி எங்கிருந்து வரும்? மாலை 5 மணிக்குப் பிஸ்கட் டப்பாவிலிருந்து வரும். தானியமில்லா வீடுகளில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒன்றுதான்: சோற்றை எடுத்தார்கள், அந்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை.

என்ன வைக்கலாம்? வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு 250 கிராமில் சுமார் 200 கலோரி, ஒரு முட்டையில் 70, ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலையில் 170, அதே அளவு தேங்காய்த் துருவலில் 100-க்குச் சற்று மேல். பருப்பை ரசம்போல நீர்க்கக் கரைக்காமல் கெட்டியாக ஒரு கிண்ணம் வைக்க வேண்டும். காய் இரண்டு மடங்காக வேண்டும். நால்வர் வீட்டுக்கு மதியப் பொரியலுக்குக் கால் கிலோ பீன்ஸ் வாங்கியவர்கள் இனி அரைக் கிலோவுக்கு மேல் வாங்க வேண்டியிருக்கும். எடை குறைய வேண்டியவர் தட்டில் கிழங்கைக் குறைக்கலாம். வளரும் பிள்ளையின் தட்டில் குறைக்கக் கூடாது.

காலைல இட்லி தோசைக்கு என்ன பண்றது?

நம் டிபனில் பாதி ஏற்கெனவே பருப்புதான். அதனால் இது நினைப்பதைவிடச் சுலபம். பச்சைப்பயறு தோசையிலிருந்து தொடங்குங்கள். ஒரு டம்ளர் முழுப் பயறை இரவே ஊறவைத்து, காலையில் இஞ்சி, 2 பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்து அரைத்தால் போதும், புளிக்கவைக்க வேண்டாம். அரிசி சேர்க்காததால் ஓரம் விரிந்துபோகும், திருப்பும்போது கிழியும். அதற்கு மாவைச் சற்றே கொரகொரப்பாக விட்டு, கெட்டியாக வைத்து, மிதமான தீயில் அடி நன்றாகச் சிவந்த பிறகே திருப்ப வேண்டும். அவசரம்தான் தோசையைக் கிழிக்கிறது.

அரிசியில்லா அடைக்குக் கடலைப்பருப்பு அரை டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர், உளுந்து கால், பயத்தம்பருப்பு கால் என்று 3 மணி நேரம் ஊறவைத்து மிளகாய் வற்றலோடு கொரகொரப்பாக அரைக்கவும். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் நடுவில் ஓட்டை போட்டு அதில் எண்ணெய் விடவும். முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி சேர்த்தால் இன்னும் நன்று.

அவசர நாளுக்குக் கடலைமாவு தோசை: ஒரு டம்ளர் மாவுக்குத் தண்ணீரும் தயிருமாக ஏறக்குறைய ஒரு டம்ளர், ஓமம் அரை ஸ்பூன், பொடியாக நறுக்கிய வெங்காயம், மல்லி. கரைத்துக் கால் மணி நேரம் வைத்த பிறகு சுடவும். உடனே சுட்டால் பச்சை வாடை போகாது.

பயத்தம்பருப்பு இட்லி உள்ள களி மாதிரி வருது, சில நாள் கல்லு மாதிரி. என்ன தப்பு?

களி மாதிரி வந்தால் பயத்தம்பருப்பை மையாக அரைத்துவிட்டீர்கள். அரிசி இட்லியில் ரவைப் பதத்தில் இருக்கும் அரிசிதான் ஆவி போக இடம் தருகிறது. இங்கே அந்த வேலையைப் பயத்தம்பருப்பு செய்ய வேண்டும். பயத்தம்பருப்பு இரண்டு பங்கு, உளுந்து ஒரு பங்கு, தனித்தனியாக ஊறவைக்கவும். பருப்பு 3 மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டாம். உளுந்தைப் பொங்கப் பொங்க அரைத்து, பயத்தம்பருப்பை மிகக் குறைந்த தண்ணீரில் ரவைபோல உடைத்துச் சேர்க்கவும்.

கல் மாதிரி வந்தால் மாவு பொங்கவில்லை, அல்லது பொங்கி அமுங்கிவிட்டது. பருப்பு மாவு அரிசி மாவைவிடச் சீக்கிரம் புளிக்கும். சித்திரை வைகாசியில் 5, 6 மணி நேரமே போதும். இரவு 9 மணிக்கு அரைத்துக் காலை 8 மணிக்கு ஊற்றினால் நீர்த்துப் புளித்துத்தான் இருக்கும். வெயில் காலத்தில் அதிகாலை அரைத்து மாலை டிபனுக்கு ஊற்றுவது நல்லது. புளித்துப்போன மாவைக் கொட்ட வேண்டாம். கடலைமாவு 2 ஸ்பூன், வெங்காயம் சேர்த்துக் குழிப்பணியாரமாக்கிவிடலாம்.

சப்பாத்திக்கு மாற்று ஏதாவது? பாதாம் மாவெல்லாம் கட்டுப்படி ஆகல.

பாதாம் இல்லாமலே ஆகும். அரைக் கப் தேங்காய் மாவு, 2 டேபிள்ஸ்பூன் இசப்கோல் உமி, உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்து 10 நிமிடம் வைத்தால் உமி தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொண்டு மாவு சேரும். வாழையிலைக்கு நடுவில் வைத்துத் தட்டி, சிறு தீயில் சுடவும். தேங்காய் மாவு என்பது பால் எடுத்து உலர்த்தி அரைத்தது. தேங்காய்த் துருவலை மிக்ஸியில் சுற்றினால் அது ஆகாது, எண்ணெய் விட்டுச் சட்னியாகும். இசப்கோல் சாப்பிடும் நாளில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

காலிஃப்ளவர் சோறு கஞ்சியா ஆயிடுது.

தண்ணீரில் வேகவைப்பதால். ஒரு நடுத்தரப் பூவைப் பிரித்து, மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் 10 நிமிடம் வைத்துப் புழுவை வெளியேற்றியபின், துணியில் பரப்பி ஈரம் போக உலரவிட வேண்டும். இந்த உலர்த்தலைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். பிறகு காய் துருவியில் துருவி, இட்லித் தட்டில் துணி போட்டு 4 நிமிடம் ஆவி காட்டினால் போதும். உப்பை முதலில் போட்டால் நீர் விட்டுவிடும், பரிமாறும்போது போடவும்.

எலுமிச்சை, தேங்காய், புளிக்காய்ச்சல் இவற்றோடு கலந்தால் நன்றாக இருக்கும். சாம்பார் ஊற்றிப் பிசைய இது தாங்காது. பிசைந்து சாப்பிட ஆசைப்படுபவர்களுக்கு மசித்த சேனையோ, வேகவைத்து உதிர்த்த மரவள்ளியோ மேல்.

மரவள்ளி விஷம்னு சொல்றாங்களே? கிழங்கெல்லாம் வாயு வேற.

மரவள்ளியில் சயனைடை வெளிவிடும் பொருள் இருப்பது உண்மை, தோலில் அதிகம். மேல் தோலோடு அதன் அடியில் உள்ள தடித்த பட்டையையும் உரித்து, நடு நரம்பை எடுத்து, சிறு துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையாக ஒரு துண்டுகூட வாயில் போடக் கூடாது. வெந்தபின் கசந்தால் மொத்தமும் குப்பைக்கு. குக்கரில் அடைத்துச் சமைப்பது மற்ற கிழங்குகளுக்குச் சரி, இதற்கு வேண்டாம்.

சேனையும் சேப்பங்கிழங்கும் அரிப்பது ஊசிபோன்ற கால்சியம் ஆக்ஸலேட் துகள்களால். கையில் எண்ணெய் தடவி நறுக்கி, புளித் தண்ணீரில் வேகவைப்பது அதற்காகத்தான். சிறுநீரகக் கல் இருந்தவர்கள் இவற்றையும் பாதாமையும் பாலக்கீரையையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். மார்கழி, தையில் நெல்லைப் பக்கம் வரும் சிறுகிழங்கையும், பொங்கலை ஒட்டி வரும் பனங்கிழங்கையும் தவறவிடாதீர்கள். வாயு என்பது பெரும்பாலும் திடீரென்று அளவு கூடுவதால் வருவது. இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டினால் அடங்கும்.

எல்லாத்தையும் நிறுத்திட்டோம், ஆனாலும் எங்கயோ தானியம் வருதுன்னு சொல்றாங்க. எங்க?

முதலில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சுத்தப் பெருங்காயம் மிகக் காரமானது என்பதால் கோந்தும் மாவும் கலந்து கூட்டுப் பெருங்காயமாகத்தான் விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை, சிலவற்றில் அரிசி. ஒரு சிட்டிகையில் எடையோ சர்க்கரையோ ஏறப்போவதில்லை. ஆனால் சீலியாக் உள்ள குழந்தைக்கு அந்தச் சிட்டிகையே தொல்லை.

அடுத்து பொடிகள். சாம்பார்ப் பொடியிலும் இட்லி மிளகாய்ப் பொடியிலும் ஒரு கை அரிசி வறுத்துச் சேர்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மோர்க்குழம்புக்கு அரிசி ஊறவைத்து அரைப்பார்கள். கடையில் வாங்கும் சிக்கன் 65 மசாலாவில் அரிசி மாவோ கார்ன்ஃப்ளோரோ இருக்கும். கார்ன்ஃப்ளோர் என்பது மக்காச்சோள ஸ்டார்ச். சோயா சாஸில் கோதுமை உண்டு. பேக்கிங் பவுடரில் மக்காச்சோள ஸ்டார்ச் சேர்க்கப்படுவதால் சமையல் சோடா போதும். மால்ட் பானங்கள் பார்லியும் கோதுமையும்தான், அதைச் சத்துமாவு என்று தனிக் கணக்கில் வைக்க வேண்டாம்.

பலகாரத்தில் ஓமப்பொடி, காராசேவு, பகோடா எல்லாவற்றிலும் கடலைமாவோடு அரிசி மாவு கலப்பார்கள். பயத்தம்பருப்பு இனிப்பு என்று நம்பி அசோகா அல்வா சாப்பிடுவார்கள், அதில் கோதுமை மாவு சேர்கிறது. மைசூர்பாகு, கடலைமிட்டாய், எள்ளுருண்டை, தேங்காய் பர்பி ஆகியவற்றில் வழக்கமாகத் தானியம் இல்லை. சர்க்கரை இருக்கிறது, அது வேறு கணக்கு.

குழம்பு கெட்டியாக அரிசிமாவு கரைச்சு ஊத்துவோம். அதுக்குப் பதிலா?

பொட்டுக்கடலையைப் பொடித்து, நால்வர் குழம்புக்கு ஒரு டீஸ்பூன். இல்லையென்றால் தேங்காயோடு 4 முந்திரி அல்லது ஒரு ஸ்பூன் கசகசா அரைத்துவிடலாம். மோர்க்குழம்புக்கு அரிசியை விட்டுவிட்டுக் கடலைப்பருப்பை மட்டும் ஊறவைத்து அரைத்தாலே திரியாமல் நிற்கும்.

கடலைமாவு தினமும் சாப்பிடறோம். வயிறு உப்புசம். பரவாயில்லையா?

வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். மற்ற நாளில் பயறும் உளுந்தும் மாற்றி மாற்றி வரட்டும். ஊறவைத்து அரைத்த பருப்பு, உலர்மாவைவிட வயிற்றுக்கு இதம். ஓமம், இஞ்சி, பெருங்காயம் (மேலே சொன்ன எச்சரிக்கையோடு) உதவும்.

தினமும் சாப்பிடும் பொருள் என்றால் மாவாக வாங்காமல் கடலைப்பருப்பாக வாங்கி அரைப்பதுதான் சரி. உதிரிக் கடலைமாவில் கேசரிப் பருப்பு கலப்படம் பழைய பிரச்சினை. அதை நீண்ட நாள் அதிகம் சாப்பிட்டால் கால் முடங்கும் லத்திரிசம் என்ற நோய் வரும். என்றோ ஒரு நாள் பஜ்ஜி சாப்பிடுபவருக்கும் தினமும் தோசை சுடுபவருக்கும் இதில் ஆபத்து ஒன்றல்ல. மாவு மில்லில் முன்பு அரைத்த கோதுமை இயந்திரத்தில் தங்கியிருக்கும் என்பதால் முதலில் விழும் கால் கிலோவைத் தனியே எடுத்துவிடுங்கள். சீலியாக் இருந்தால் மில்லே வேண்டாம், வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிக்கவும்.

குழந்தைங்களுக்கு தானியம் இல்லாம கொடுக்கலாமா? கைக்குழந்தைக்கு?

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, வயிறு நிறைய மாவுச்சத்து வேறு வழியில் கிடைத்தால், கொடுக்கலாம். ஒவ்வொரு வேளையும் தட்டில் ஒரு கிழங்கோ நேந்திரம்பழமோ ஜவ்வரிசியோ இருக்க வேண்டும், கூடவே பருப்பு அல்லது முட்டை, கூடவே ஒரு கொழுப்பு: நெய், தேங்காய், வேர்க்கடலை ஏதாவது. மாதம் ஒரு முறை எடையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரமும் குறித்து வையுங்கள். எடை ஏறாமல் நின்றாலோ, பிள்ளை விளையாட்டில் சோர்ந்தாலோ சோற்றைத் திரும்பக் கொடுத்துவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் எடைக் குறைப்புத் திட்டத்தைப் பிள்ளையின் தட்டில் ஏற்றாதீர்கள்.

இரண்டு வயதுக்குள் மருத்துவர் சொல்லாமல் எந்த உணவு வகையையும் முழுதாக விலக்க வேண்டாம். ராகிக் கஞ்சியும் பருப்புச் சோறும் அந்த வயதுக்கு நல்ல உணவு. அவற்றோடு நேந்திரங்காய்ப் பொடிக் கஞ்சி, மசித்த சர்க்கரைவள்ளி சேரலாம். ஐந்து வயதுக்குக் கீழே முழு வேர்க்கடலை, முழு பாதாம் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும், பொடித்துக் கொடுக்கவும்.

ஸ்கூல் டிபன் பாக்ஸுக்கு என்ன? பசங்க மத்த பிள்ளைங்க சாப்பாட்டைப் பார்த்து ஏங்குதுங்க.

ஆறினாலும் சுவை கெடாதவை வேண்டும். குழிப்பணியாரம், ஜவ்வரிசி-வேர்க்கடலை உப்புமா, உருளைக்கிழங்கு வறுவலும் முட்டையும், சுண்டலோடு தேங்காய், சேனைக் கட்லெட் எல்லாம் தாங்கும். ஜவ்வரிசி கட்டியாகாமல் இருக்க, கழுவி, அதன் மட்டத்துக்கே தண்ணீர் விட்டு 4 மணி நேரம் ஊறவைத்து, வறுத்த வேர்க்கடலைப் பொடியில் புரட்டிவிட்டுத் தாளிக்கவும். காலிஃப்ளவர் சோறு வேண்டாம், மூடி திறந்ததும் வாடை வரும், மறுநாள் பிள்ளை டப்பாவைத் தொடாது.

பள்ளியில் சத்துணவோ காலை உணவோ சாப்பிடும் பிள்ளை என்றால், ஒவ்வாமையும் சீலியாக்கும் இல்லாத பட்சத்தில், சாப்பிடட்டும். நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் பொங்கலைப் பிடுங்குவதால் வரும் நன்மையைவிட மனக்கசப்பு பெரிது.

அப்பாவுக்கு சுகர். மாத்திரை போடறார். நாளைலேருந்து ஆரம்பிக்கலாமா?

மருத்துவரைப் பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான பதில் இது. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையும் இன்சுலினும் அவர் வழக்கமாகச் சாப்பிடும் சோற்றின் அளவை வைத்துக் கொடுக்கப்பட்டவை. சோறு திடீரென்று நின்று மருந்து அப்படியே தொடர்ந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போய் வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். அப்போது 3 டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை போடுபவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ரத்தம் அமிலத்தன்மை அடையும் ஆபத்து உண்டு. அதில் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இருக்கலாம் என்பதால் கண்டுபிடிக்கவும் தாமதமாகும்.

மருத்துவரிடம் போகும்போது 'டயட் மாற்றப்போகிறோம்' என்று பொதுவாகச் சொல்லாமல், இப்போது எத்தனை கரண்டி சோறு, இனி அதற்குப் பதில் என்ன, எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போங்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குக் கிழங்கிலும் பருப்பிலும் உள்ள பொட்டாசியம் பிரச்சினையாகலாம். அவர்களுக்குச் சோறே பாதுகாப்பான உணவாக இருக்கக்கூடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடலாம்.

வீட்ல நாங்க ரெண்டு பேர்தான் விட்டிருக்கோம். மாமனார், மாமியாருக்கு சோறு வேணும். தினமும் ரெண்டு சமையலா?

ஒரே சமையல்தான். குழம்பு, பொரியல், கூட்டு, பருப்பு எல்லாம் எல்லாருக்கும் தானியமில்லாமல். சோறு மட்டும் தனியாக ஒரு சின்னக் குக்கரில். அந்தச் சோறு போகும் இடத்தில் உங்கள் தட்டில் கிழங்கு போகிறது. குக்கரில் ஒரே நேரத்தில் கீழே சோறு, மேல் கிண்ணத்தில் சர்க்கரைவள்ளி வைத்தால் கூடுதல் வேலை என்று எதுவும் இல்லை. காரணம் ஒவ்வாமை என்றால் மட்டும் கரண்டியும் எண்ணெய்ச் சட்டியும் தனி வேண்டும். பூரி பொரித்த எண்ணெயில் உளுந்து வடை போடக் கூடாது.

எழுபது வயதுக்காரரை மாற்ற முயல வேண்டாம். பழகிய மோர் சோற்றை நிறுத்தினால் அவர் அதற்கு ஈடாக வேறு எதுவும் சாப்பிடாமல் மெலிந்துபோவார். அவர் தட்டில் பருப்பையும் காயையும் கூட்டினாலே போதும்.

செலவு ரொம்ப ஆகுமே?

ஆகும். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதற்கு ஈடாக எதை வாங்கினாலும் காசுதான். செலவைக் கட்டுக்குள் வைப்பது பருவக் கிழங்கு, பச்சைப்பயறு, வேர்க்கடலை, முட்டை, கீரை ஆகியவை. ரேஷன் துவரம்பருப்பும் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. செலவை ஏற்றுவது பாதாம், பனீர், தேங்காய் மாவு, 'கிரெயின் ஃப்ரீ' என்று அச்சடித்த பாக்கெட்டுகள். பின்னவை இல்லாமலே இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான சமையலைச் செய்யலாம். பணம் நெருக்கடி என்றால் மூன்று வேளையில் ஒரு வேளையை மட்டும் மாற்றுங்கள். பால், முட்டை வாங்கும் காசை எடுத்து இதற்குச் செலவிடாதீர்கள்.

நாங்க சுத்த சைவம், முட்டையும் இல்லை. புரதம் பத்துமா?

பத்தும், அளந்து சாப்பிட்டால். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். உலர்ந்த பருப்பு 100 கிராமில் சுமார் 23, பாலும் தயிருமாக 400 மில்லியில் 13, வேர்க்கடலை 30 கிராமில் 7, பனீர் 50 கிராமில் 9. கணக்கு சரியாகிறது.

ஒரு நுணுக்கம் உண்டு. பருப்பில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. அதைச் சோறுதான் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. சோறு போனதும் அந்த இடத்தைப் பாலும் எள்ளும் நிரப்ப வேண்டும். தினமும் 2 ஸ்பூன் எள்ளுப் பொடியைக் கிழங்கின்மேல் தூவிச் சாப்பிடுங்கள். இதனால்தான் பால், தயிரையும் சேர்த்து விடுபவர்களுக்கு இந்த உணவு முறையைச் சொல்லத் தயங்குகிறோம்.

முதல் வாரம் தலைவலி, மலச்சிக்கல். ஒத்துக்கலையா?

முன்பு சொன்ன கலோரிக் குறைவுதான் முதல் காரணம், போதுமான அளவு சாப்பிடுகிறீர்களா பாருங்கள். இரண்டாவது தண்ணீர். சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான், அது நின்றதால் குடிக்கும் அளவு கூட வேண்டும். உப்பிட்ட மோர் இரண்டு டம்ளர், தினம் ஒரு கீரை, தோலோடு பயறு. பனீரும் முட்டையும் மட்டும் தின்பவர்களுக்கு மலச்சிக்கல் வந்தே தீரும். பத்து நாளைத் தாண்டியும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கல்யாண வீடு, ஹோட்டல்னா என்ன பண்றது?

கல்யாணப் பந்தி சுலபம். அவியல், பொரியல், கூட்டு, பச்சடி, வறுவல், பருப்பு எல்லாம் முதலிலேயே இலைக்கு வந்துவிடும். சோறு வரும்போது 'கொஞ்சம் கழிச்சு' என்று சொன்னால் போதும், விளக்கம் கொடுத்தால்தான் பேச்சு வளரும். கூட்டில் அரிசி மாவு கரைத்திருக்கலாம், போளி மைதா, வடையில் மொறுமொறுப்புக்கு அரிசி சேர்த்திருக்கலாம். ஒவ்வாமை இல்லாதவர்கள் இதைப் பெரிதாக்க வேண்டாம். ஹோட்டலில் ஆம்லெட், தந்தூரி, சாலட், பனீர் டிக்கா. மீன் வறுவலும் சில்லியும் மாவில் புரட்டியவை.

ஏகாதசிக்கு சோறு சாப்பிடாம இருக்கறதும் இதுவும் ஒண்ணா?

அன்று முழுப்பட்டினி இருக்க முடியாதவர்கள் தானியத்தை விலக்கிப் பழம், பால், கிழங்கு என்று இருப்பது ஏறக்குறைய இதே உணவுதான். ஆனால் சில வீடுகளில் சோறு மட்டும் விலக்கு, கோதுமை உப்புமாவும் அவலும் பலகாரம் என்று சாப்பிடுவார்கள். பல குடும்பங்களில் பருப்பும் அன்று கிடையாது. வீட்டு வழக்கம் எதுவோ அதை அன்று பின்பற்றுங்கள். மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் சமைப்பதில் சிக்கல் ஒன்றும் இல்லை. பாரணைக்குச் சோறு சாப்பிட்டே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் ஒரு கவளம் சாப்பிடுங்கள்.

பொங்கலன்னைக்கு சாப்பிட்டுட்டோம். இனி மொத்தமும் வீணா? திரும்ப அரிசிக்கே போகணும்னா எப்படி?

சீலியாக் இல்லாதவர்களுக்கு ஒரு நாள் சர்க்கரைப் பொங்கலால் எதுவும் வீணாகாது. அன்று மாலை வயிறு கனமாகவும் தூக்கமாகவும் இருக்கும், மறுநாள் எடை ஒரு கிலோ கூடக் காட்டும். அது பெரும்பாலும் தண்ணீர். மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்ட வேண்டாம், வழக்கமான தட்டுக்குத் திரும்பினால் போதும்.

முழுதாகத் திரும்ப நினைத்தால் மதியம் ஒரு வேளை, ஒரு கரண்டி என்று தொடங்கி வாரம் ஒரு கரண்டியாகக் கூட்டுங்கள். பருப்பு, காய் அளவைக் குறைக்காமல் கிழங்கை மட்டும் சோற்றுக்கு விட்டுக்கொடுங்கள். சர்க்கரை மருந்து குறைக்கப்பட்டவர்கள் முதல் கரண்டிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அளந்த அளவை இரண்டு வாரம் நோட்டில் எழுதிக்கொண்டு போனால், எத்தனை கரண்டியில் நிறுத்துவது என்று அவரால் சொல்ல முடியும்.